கூட்டமா, கும்பலா, மக்களா?
(யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பலர் சேர்ந்திருந்தால் அவர்களைக் குறிக்க ஆங்கிலத்தில் பல சொற்கள் உண்டு. ஒன்றுபோல் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. இது பிள்ளைகளின் பரீட்சைப் பாடம்தானே என்று விட்டுவிடாதீர்கள். எந்தச் சொல்லால் ஒருவரை அழைக்கிறோமோ, அதற்குத் தக்கபடியே அவரை நடத்துகிறோம்.

லிஃப்டில் 'பர்சன்ஸ்' என்று எழுதியிருக்கும். அது தலையை எண்ணும் சொல், தமிழில் நபர்கள். 'பீப்பிள்' என்றால் மக்கள். 'பீப்பிள்ஸ்' என்று பன்மையாக்கினால் பல நாட்டு மக்கள் என்றாகிவிடும். 1945-ல் கையெழுத்தான ஐக்கிய நாடுகள் சாசனம் 'பீப்பிள்ஸ்' என்கிறது. 1949-ல் ஏற்கப்பட்ட நம் அரசியல் சட்டத்தின் முகவுரையோ 'பீப்பிள்' என்கிறது. மொழி பலவானாலும் நாம் ஒரே மக்கள். ஓர் எழுத்தில் எத்தனை பொருள், பாருங்கள்!

'கிரவுட்' என்றால் கூட்டம். திருவிழாவிலும் பஸ் நிலையத்திலும் இருப்பது, அதில் குற்றமில்லை. 'மாப்' என்றால் நிதானம் இழந்த கும்பல். ஆலை வாசலில் கூலி கேட்டு நிற்பவர்களை ஒருவர் 'தொழிலாளர்' என்பார், மற்றொருவர் 'கும்பல்' என்பார். கும்பல் என்று சொன்னவுடன் தடியடியும் நியாயமாகத் தோன்றிவிடுகிறது!

வடசென்னைக்கு இது புதிதல்ல. அக்காலத்தில் ஆலைத் தொழிலாளியை ஆங்கிலத்தில் 'ஹேண்ட்' என்பார்கள். கை மட்டும் கணக்கு. வயிறு கணக்கில் இல்லை. 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் முயன்றார்கள், பி.பி. வாடியா தலைவரானார். 'கைகள்' அன்று 'சங்கம்' ஆயின. நிர்வாகம் வழக்குத் தொடுத்தது. சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. 1926-ல் வந்த தொழிற்சங்கச் சட்டம், 7 பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்றது. குற்றவியல் சட்டமோ, 5 பேர் தீய நோக்கத்தோடு கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம் என்கிறது. ஆகவே எத்தனை பேர் என்பதல்ல, எதற்காகச் சேர்ந்தார்கள் என்பதே கேள்வி.

இனி நம் சொல்லுக்கு வருவோம். 'காங்கிரிகேஷன்' என்றால் வழிபாட்டுக்குக் கூடியவர்கள். பூசை முடிந்ததும் கலைந்துவிடலாம். 'கம்யூனிட்டி' என்றால் இன்பதுன்பத்தில் பங்குகொள்பவர்கள், கலைய முடியாது. 'பங்கு' என்று தமிழில் நாம் சொல்வதிலேயே அந்தப் பொருள் இருக்கிறது. 2-ம் வத்திக்கான் சங்கமும் 1964-ல் திருச்சபையை 'இறைமக்கள்' என்றே அழைத்தது.

'பாரிஷ்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் ஒரு கிரேக்கச் சொல். வேற்றூரில் வந்து தங்கியிருப்போர் என்பது அதன் பொருள். இது நமக்கு எவ்வளவு பொருத்தம்! ஊராட்சியாக இருந்த மாத்தூர் 2011-ல் மாநகராட்சியோடு இணைந்தது. இங்கே பல ஊர்களிலிருந்தும் பிழைக்க வந்து குடியேறியவர்கள் எத்தனை பேர்!

அப்படியிருக்க, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் மணலி, எண்ணூர் பக்கம் வேலைக்கு வரும் பிள்ளைகளை நாம் எப்படி அழைக்கிறோம்? 'வடக்கன்' என்கிறோம், 'அந்தக் கும்பல்' என்கிறோம். நம் தாத்தாக்களைக் 'கைகள்' என்று அழைத்த அதே பேச்சு இன்று நம் வாயில் வரலாமா? பெயர் கேட்டு அழையுங்கள், தம்பி என்று சொல்லுங்கள். யூபிலி ஆண்டில் நாம் செய்யக்கூடிய செலவில்லாத தருமம் அது.