நாற்றங்கால் வாடலாமா?

(சிற்றூர்ப் பள்ளிப் பிள்ளைகளின் கல்வி மேம்பாடு குறித்துத் தென்காசி மாவட்டம் இலஞ்சியில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



இலஞ்சி என்னுஞ் சொல்லுக்கு நீர்நிலை என்பது ஒரு பொருள். மகிழமரம் என்பது மற்றொரு பொருள். இரண்டும் இவ்வூர்க்குப் பொருந்துவனவே. குற்றாலத்து அருவிநீரைச் சுமந்துவரும் சிற்றாறு இவ்வூர் வயல்களை நனைக்கின்றது. குமரன் கோயிலில் மகிழமரம் நிழல் தருகின்றது. பெயரிலேயே தண்மையும் மணமும் உடைய ஊர் இது. குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் மேலகரம் இங்கிருந்து நடந்துசெல்லும் தொலைவு. 1927-ஆம் ஆண்டிலேயே திருவள்ளுவர் பெயரால் கழகங் கண்ட தென்காசி அடுத்த ஊர். தமிழுக்கு இத்துணை அணுக்கமான மண்ணில் நின்று, தமிழ்ப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. ஆயினும் பேசவேண்டிய செய்தி இனிப்பானதன்று.

சூன் திங்களில் மலைமேல் சாரல் இறங்குகின்றது. உழவன் கார் நெல்லுக்கு நாற்றங்கால் அணியப்படுத்துகின்றான். அதே திங்களில்தான் பள்ளிக்கூடத்துக் கதவுந் திறக்கின்றது. நாற்று மஞ்சளித்தால் உழவன் வாளா இருப்பதில்லை. நீரைப் பார்க்கின்றான், எருவைப் பார்க்கின்றான், பூச்சியைப் பார்க்கின்றான். "நடவு முடியட்டும், பார்த்துக் கொள்ளலாம்" என்று எந்த உழவனுஞ் சொல்வதில்லை. பள்ளியின் முதல் மூன்று வகுப்புகளே பிள்ளையின் நாற்றங்கால். அங்கே வாடிய பயிரைப் பத்தாம் வகுப்பில் நிமிர்த்த முயல்வதுதான் இற்றைக் கல்வியின் பெரும்பிழை.

உண்மை நிலையைக் கேளுங்கள். நாடெங்கும் சிற்றூர் வீடுகளுக்கே சென்று பிள்ளைகளைப் படிக்கச் செய்து பார்க்கும் 'ஏசர்' என்னும் கல்விநிலை ஆய்வு உண்டு. 2022-இல் அவ்வாய்வு தமிழகச் சிற்றூர்களிற் கண்டது என்ன? மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்பு அளவிலான பத்தியைத் தடையின்றிப் படிக்க வல்லவர் நூற்றுக்கு ஐவர்கூட இலர். 2024-இல் அவ்வெண் பன்னிரண்டளவிற்கு உயர்ந்தது. உயர்வு உயர்வே, அதனைப் பழித்தல் கூடாது. ஆனால் மீதியுள்ள எண்பத்தெண்மர் யார்? அவர்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மட்டுமல்லர். தனியார் பள்ளிப் பிள்ளைகளும் அக்கணக்கில் உள்ளனர். ஆகவே, ஒரு சாராரைக் காட்டி மறுசாரார் தப்பித்துக் கொள்ளவும் வழியில்லை.

இந்நாடு எப்பொழுதும் இப்படிக் கிடந்ததன்று. 1953-இல் பிள்ளைகளுக்கு அரைநாளே பள்ளி, மறு அரைநாள் தந்தையின் தொழில் என்று வகுக்கப்பெற்ற திட்டத்தைத் தமிழ்மக்கள் குலக்கல்வி என்று கண்டு எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டங் கைவிடப்பெற்றது. அவரும், கல்வித்துறையின் தலைவராய் விளங்கிய நெ.து. சுந்தரவடிவேலுவும் ஊர்தோறும் பள்ளி என்னும் நோக்கொடு உழைத்தனர். 1956-இல் பகலுணவுத் திட்டம் ஊர்களிற் பரவியது. ஊர்மக்கள் ஒரு பங்கும் அரசு ஒரு பங்குமாக அதன் செலவைத் தாங்கினர். 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடர்ந்து நடைபெற்றன. ஒருவர் நிலங் கொடுத்தார். ஒருவர் பலகை கொடுத்தார். ஒருவர் மணி கொடுத்தார். இல்லாதவர் உழைப்புக் கொடுத்தார். பள்ளி அரசினுடையது என்று எண்ணாமல், ஊரினுடையது என்று எண்ணிய காலம் அது. 1982 சூலை முதல் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டமும் அவ்வழியின் விரிவே.

அன்று எழுந்த கேள்வி, பிள்ளை பள்ளிக்கு வருகின்றானா என்பது. அக்கேள்விக்குத் தமிழகம் நல்ல விடை கண்டுவிட்டது. இன்று எழும் கேள்வி, வந்த பிள்ளை கற்கின்றானா என்பது. முன்னதற்குக் கட்டடமும் சோறும் போதும். பின்னதற்கு அவை போதா.

கற்காமைக்குக் கரணியங்கள் பல. முதலாவது, ஆள் போதாமை. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு ஆசிரியர் இருவரே. வகுப்போ ஐந்து. ஒருவர் விடுப்பெடுத்தாலும், பயிற்சிக்கோ கூட்டத்திற்கோ அழைக்கப்பெற்றாலும் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். முதல் வகுப்புக்கு எழுத்துப் போட்டுவிட்டு ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் போடச் சென்றால், முதல் வகுப்புப் பிள்ளை எழுதியதைத் திருத்துவார் யார்? பெற்றோர் பிள்ளையை வேறிடஞ் சேர்க்கச் சேர்க்க, எண்ணிக்கை குறைகின்றது. எண்ணிக்கை குறையக் குறைய, ஆசிரியர் குறைகின்றனர். ஆசிரியர் குறைவதைக் கண்டு மேலும் பெற்றோர் விலகுகின்றனர். இஃதொரு சுழல். இச்சுழலில் இறுதிவரை அகப்பட்டுக் கிடப்பவன், வேறெங்கும் போக வழியில்லாத ஏழையின் பிள்ளையே.

இரண்டாவது, வீட்டு நிலை. இவ்வட்டாரத்தில் எத்தனையோ தாய்மார் பீடி சுற்றிக் குடும்பங் காக்கின்றனர். இலை வெட்டவும் கட்டுக் கட்டவும் விளக்குவைத்த பின்னும் கை ஓய்வதில்லை. அத்தாயிடஞ் சென்று, "பிள்ளைக்கு வீட்டில் ஏன் பாடஞ் சொல்லித் தரவில்லை?" என்று கேட்பது அறமாகாது. பள்ளியில் முடியவேண்டியது பள்ளியிலேயே முடிதல் வேண்டும்.

மூன்றாவது, எழுத்தறிவிக்கும் முறை. தமிழ் நெடுங்கணக்கில் எழுத்துகள் 247 என்பர். ஆனால் அடிப்படை எழுத்துகள் முப்பத்தொன்றே. ஆகார ஏகார ஐகாரக் குறிகளைக் கற்ற பிள்ளை பெரும்பாலான உயிர்மெய்களைத் தானே கூட்டிப் படித்துவிடும். 1978-இல் பதின்மூன்று எழுத்துகள் திருத்தப்பெற்றபின் அவ்வொழுங்கு மேலும் எளிதாயிற்று. இடறுவது எங்கே? உகர ஊகார வரிசைகளில். அந்த முப்பத்தாறு எழுத்துகள் ஒரே குறியில் அடங்குவனவல்ல. கு ஒரு வடிவு, சு ஒரு வடிவு, து ஒரு வடிவு. இவற்றைக் கூட்டங் கூட்டமாகப் பிரித்து, பொறுமையாகச் சொல்லோடு சேர்த்துப் பயிற்றவேண்டும். எழுத்தையே மாற்றிவிடுக என்பார் பேச்சு வேண்டா. இரண்டு திங்கள் கூடுதலாகச் செலவிட்டாலே போதும். அதற்குப் பொழுதில்லாமல் பாடப் பொத்தகம் அடுத்த பக்கத்திற்கு ஓடிவிடுகின்றது. பிள்ளை அங்கேயே நின்றுவிடுகின்றது.

பேச்சுத் தமிழுக்கும் பொத்தகத் தமிழுக்கும் உள்ள இடைவெளியும் ஒன்றுண்டு. நெல்லைச் சீமைப் பிள்ளை வீட்டில் "மாமா வந்தாவ" என்கின்றது. பொத்தகம் "மாமா வந்தார்கள்" என்கின்றது. "தப்பு! தப்பு!" என்று அதட்டும் ஆசிரியரிடம் அப்பிள்ளை வாய் திறப்பதில்லை. "ஆமாம், வந்தாவ, அதையே எழுதும்பொழுது வந்தார்கள் என்போம்" என்று பாலங் கட்டும் ஆசிரியரிடம் அப்பிள்ளை ஆறே திங்களில் படிக்கக் கற்கும். தூய தமிழ் வேண்டுவோர் இதனை நன்கு உணர்தல் வேண்டும். பிள்ளையின் வாய்மொழியை இழித்து எந்தத் தூய்மையையும் வளர்க்க இயலாது.

இனி, எல்லாவற்றினும் முகன்மையான செய்தி. பிஞ்சுப் பருவத்தில் பயிற்றுமொழி தாய்மொழியே என்பது வெறும் பற்றுப் பேச்சன்று. ஒன்றிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு 1953-இலேயே அறிஞர்தம் முடிவாக அதனை வெளியிட்டது. தமிழகத்தில் 1999-இல் ஐந்தாம் வகுப்புவரை தாய்மொழிவழிக் கல்வி என்று அரசு ஆணையிட்டது. 2000-இல் உயர்நீதிமன்றம் அதனைத் தள்ளியது. தாய்மொழியைப் பயிற்றுமொழியாகக் கட்டாயப்படுத்த அரசுக்கு உரிமையில்லை என்று 2014-இல் உச்சநீதிமன்றமும் கருநாடக வழக்கிற் கூறிவிட்டது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. 2010-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்வழிக் கற்றார்க்கு மாநில அரசுப் பணிகளில் நூற்றுக்கு இருபது இடம் ஒதுக்கியது. ஆயினும் சட்டத்தின் கை எட்டுந் தொலைவு அவ்வளவே.

ஆகவே, தமிழ்வழிக் கல்வியைக் காக்கும் பொறுப்பு எங்கே வந்து நிற்கின்றது? தமிழ்வழிப் பள்ளியின் வகுப்பறையில் வந்து நிற்கின்றது. தமிழ்வழியிற் படித்த பிள்ளை தமிழையே படிக்கத் தெரியாமல் வெளிவருமானால், அக்கொள்கைக்கு அதனினுந் தலைகுனிவு வேறுண்டா? காலையில் மஞ்சள் ஊர்தி ஊருக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதைக் கண்டு ஆங்கில மயக்கம் என்று பெற்றோரைத் திட்டுவது எளிது. மயக்கம் உண்டென்பதும் மெய்யே. ஆனால் அப்பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "இங்கே விட்டால் என் பிள்ளை படிக்குமா?" அதற்கு "ஆம், படிக்கும், வந்து கேட்டுப் பாருங்கள்" என்று விடை சொல்லும் பள்ளி இருக்குமிடத்தில் மயக்கந் தானே தெளியும். மேடையில் ஆயிரம் முறை முழங்குவதனினும், ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுந்து நின்று ஒரு பக்கத்தைத் திருத்தமாகப் படித்துக் காட்டுவது தமிழுக்குச் செய்யும் பெருந்தொண்டு.

அது முடியுமா என்று ஐயுறுவார் உளர். முடியும் என்பதற்குத் தமிழகமே சான்று. கொரோனா என்னும் மகுடைநோயால் பள்ளிகள் நெடுங்காலம் பூட்டப்பெற்றன. 2021 அக்டோபர் 27-இல் மரக்காணத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டந் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு இலக்கம் தன்னார்வலர், பெரும்பாலும் அவ்வவ்வூர்ப் பெண்கள், மாலையில் தெருத்திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடஞ் சொன்னார்கள். கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளியல் அறிஞர் மூவர் தமிழகச் சிற்றூர்களில் ஏறத்தாழப் பத்தொன்பதாயிரம் பிள்ளைகளை ஆய்ந்தனர். பள்ளி திறந்த ஆறு திங்களுக்குள் இழந்த கல்வியில் மூன்றில் இரு பங்கு மீண்டிருந்தது. அம்மீட்சியில் நூற்றுக்கு 24 பங்கு அம்மாலை வகுப்புகளால் விளைந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. அந்தப் பெண்கள் பேரறிஞர்களல்லர். ஊர்ப் பிள்ளைகளின் பெயரறிந்தவர்கள். வராத பிள்ளையின் வீடறிந்தவர்கள். அவ்வளவே!

2022 சூனில் எண்ணும் எழுத்தும் இயக்கம் வந்தது. எட்டு வயதிற்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருளுணர்ந்து படித்தல் வேண்டும் என்பது அதன் குறிக்கோள். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலையாக அது பிரித்தது. பெயரும் அழகிய தமிழ், கருத்தும் நன்று. மூன்றாம் வகுப்பிலிருந்தாலும் எழுத்தறியாத பிள்ளை அரும்பே. அதற்கு அரும்பின் பாடமே தரவேண்டும் என்பது உழவன் அறிந்த உண்மைதான். 2022 செபுதம்பர் 15-இல் 1,545 பள்ளிகளில் தொடங்கிய காலையுணவுத் திட்டம் 2023 ஆகசுட்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. பசித்த வயிற்றுக்கு எழுத்தேறாது என்பதை இந்நாடு முன்பே அறியும்.

கடல் கடந்தும் ஒரு சான்றுண்டு. பிரேசில் நாட்டின் வறண்ட வடகிழக்கில் சோபிரால் என்றொரு வட்டாரம். 2000-ஆம் ஆண்டளவில் அங்கே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிற் பாதிப்பேர் சொல்லையே படிக்கவறியார். அவ்வட்டாரத்தார் செய்தது என்ன? கட்சிக்காரரின் பரிந்துரையால் தலைமையாசிரியரை அமர்த்துவதை நிறுத்தித் தகுதியால் அமர்த்தினர். முதலிரு வகுப்புகளில் எழுத்தறிவையே தலையாய வேலையாக்கினர். ஒவ்வொரு பிள்ளையையும் ஆண்டுதோறும் படிக்கச் சொல்லிக் கேட்டனர். 2005-இல் அந்நாட்டுக் கல்வித்தர வரிசையில் 1,366-ஆவது இடத்திலிருந்த அவ்வட்டாரம், 2015-இல் முதலிடம் பெற்றது. செல்வத்தால் அன்று, ஒரே குறியில் நின்ற உறுதியால்.

அன்பர்களே! தென்காசி தனி மாவட்டமாய் மலர்ந்தது 2019-இல். தன் மரபைத் தானே வகுத்துக்கொள்ளும் இளமை அதற்குண்டு. அரசு செய்யவேண்டியவற்றை விடாது கேட்டல் வேண்டும்: ஐந்து வகுப்புக்கு ஆசிரியர் இருவர் என்னும் நிலை மாறுதல், கற்பித்தலல்லாத வேலைகளிலிருந்து ஆசிரியரை விடுவித்தல், பதிவேட்டை நிரப்புவதற்காக அன்றிப் பிள்ளையை அறிவதற்காகத் தேர்வு வைத்தல் ஆகியவை அவை.

கேட்பதோடு நிற்றலுங் கூடாது. ஊரார் செய்யக்கூடியன சில உள. திங்களுக்கொரு நாள் பள்ளிக்குச் சென்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆசிரியரைக் குறைகூற அன்று, தோள்கொடுக்க. பள்ளி மேலாண்மைக் குழுவிற் பெயரளவில் இராமல் கூட்டத்திற்குச் செல்லுங்கள். கல்லூரி முடித்த இளையோர் மாலையில் ஒருமணிப் பொழுது பத்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படிப்பியுங்கள். வீட்டுக்கொரு சிறு பொத்தகம் கொடுத்து உதவுங்கள். தமிழுணர்வாளர் என்பார் தம் பிள்ளையைத் தமிழ்வழியிற் சேர்த்துக் காட்டுங்கள். தம் பிள்ளையை மஞ்சள் ஊர்தியில் ஏற்றிவிட்டுப் பிறர் பிள்ளைக்குத் தாய்மொழிப் பெருமை பேசுவார் சொல் எவர் காதில் ஏறும்?

அடுத்த சூனிலும் சாரல் வரும், சிற்றாறு பெருகும், கார் நெல்லுக்கு நாற்றங்கால் பச்சையாய் நிற்கும். அதே நாளில் இலஞ்சியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஐந்து வயதுப் பிள்ளைகள் புதுப்பையோடு பள்ளிப் படியேறுவர். மூன்றாண்டு கழித்து அவர்களுள் ஒருவரும் எழுத்துக் கூட்டித் திணறலாகாது. அந்த ஒரு குறிக்கோளை இவ்வூர் ஏற்றுக்கொள்ளுமாயின், தமிழ் வாழ்க என்று தனியே முழங்கத் தேவையில்லை. அப்பிள்ளைகளின் வாயிலேயே தமிழ் வாழும்.