ஈரப் பொதி



சேதராப்பட்டுப் பகுதி மக்கள் நாடும் மருத்துவமனை ஒன்றிற்கு, அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் எந்திரம் வழங்கலாம் என்ற எண்ணம் நம்மிடையே எழுந்துள்ளது. நல்ல எண்ணமே. அதனை எவ்வாறு வழங்குவது என்பது பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை. காலை 8 மணிக்கு என்றார்கள். 10 மணியாகியும் அழைக்கவில்லை. செவிலியரிடம் கடுமையாகப் பேசிவிட்டேன். “ஐயா, கருவிப் பொதி ஈரமாக வந்தது; திருப்பி அனுப்பியிருக்கிறோம்” என்றார் அவர். நீராவியில் இருந்து எடுத்தது ஈரமாகத்தானே இருக்கும் என்று வாதிட்டேன். ஆசிரியர்களுக்கு எதிலும் வாதிடும் வழக்கம் உண்டல்லவா! சுற்றிய துணி நனைந்திருந்தால் வெளிக்கிருமி அவ்வீரத்தின் வழியே உள்ளே புகும். ஆகவே அதனைத் தூய்மையானதாகக் கொள்ளலாகாது என்று பொறுமையாக விளக்கினார். நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும்; சொல்லவில்லை. அந்தக் குற்ற உணர்வே இது பற்றிப் படிக்கத் தூண்டியது.

ஆட்டோகிளேவை 1879ஆம் ஆண்டு உருவாக்கியவர் பாஸ்டரின் ஆய்வகத்தைச் சேர்ந்த சார்லஸ் சாம்பர்லாந்து என்னும் பிரெஞ்சு அறிஞர். நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் தத்துவமே அது. 121 டிகிரி வெப்பத்தில் 15 நிமிடம், அல்லது 134 டிகிரியில் மூன்று, நான்கு நிமிடம், கருவியின் ஒவ்வோர் இடத்தையும் நீராவி தொட வேண்டும். பொதிகளை நெருக்கி அடைத்தால் காற்று உள்ளே தங்கிவிடும். அவ்விடத்தை நீராவி தொடாது. உலர்ந்த இரத்தத்தின் அடியிலும் அது முழுமையாய்ச் செல்லாது. ஆகவே முதற்பணி கழுவுதலே. கத்தரிக்கோலின் கீலைத் திறந்து தேய்க்கும் அந்த எளிய ஊழியரின் கையில்தான் எல்லாம் தொடங்குகிறது.

பொதியின் மேல் நிறம் மாறும் நாடா, அது வெப்பத்திற்கு உட்பட்டதைக் காட்டுமேயன்றி, கிருமி மடிந்ததைக் காட்டாது. அதற்கு, வெப்பம் தாங்கும் நுண்ணுயிர் வித்துகளை உள்ளே வைத்து, அவை மடிந்தனவா என்று சோதிக்கிறார்கள். எந்தப் பொதி எந்தச் சுற்றில் வந்தது என்ற பதிவேடு இருந்தால், சோதனை தவறும்போது அச்சுற்றின் பொதிகள் அனைத்தையும் திரும்பப் பெறலாம்.

வாணியம்பாடியில் 2022–23இல் நடந்ததை நினைவூட்டுகிறேன். ஒரு பல் மருத்துவமனையில் சலைன் புட்டியைப் பல் கருவி கொண்டு திறந்து, பஞ்சால் தளர மூடி, மீண்டும் பயன்படுத்தினர். மெலியாய்டோசிஸ் கிருமி நோயாளிகளின் மூளையைத் தாக்கியது. எட்டுப் பேர் இறந்தனர்.

நன்கொடையாளர் பெயர் பொறித்த பலகை பளபளக்க, எந்திரம் துணி போர்த்திக் கிடப்பதை நான் ஓரிடத்தில் கண்டிருக்கிறேன். கதவின் ரப்பர் வளையம் தேய்ந்ததாம், மாற்றப் பணமில்லையாம். எனவே சற்றுச் சிறிய எந்திரம் வாங்குவோம். மிஞ்சும் தொகையை உப்பு நீக்கிய நீருக்கும், ஆண்டுப் பராமரிப்புக்கும், வித்துச் சோதனைக்கும், ஊழியர் இருவரின் பயிற்சிக்கும் ஒதுக்குவோம்.

பொதுக்குழு முடிவெடுக்குமுன், நம்மவர் சிலர் அம்மருத்துவமனையின் கருவி கழுவும் அறையை நேரில் கண்டு வரவேண்டும். நானும் உடன் வருகிறேன்.