வலிமையும் அமானிதமும்: இளம் வயதில் உடற்பயிற்சியாளராதல்

(நமது ஜமாஅத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. பிளஸ் டூ முடித்த நம் மஹல்லாப் பிள்ளை ஒருவர், உடற்பயிற்சியாளர் படிப்பில் சேரக் கட்டண உதவி வேண்டிக் கல்வி உதவிக் குழுவிடம் விண்ணப்பித்துள்ளார். பொறியியலுக்கும் மருத்துவத்திற்கும் செவிலியர் படிப்பிற்கும் உதவி செய்து பழகிய நமக்கு இது புதிய விண்ணப்பம். ஜிம்மில் இரும்பு தூக்குவதற்கெல்லாம் சமுதாயப் பணமா என்று சில பெரியவர்கள் கேட்கின்றனர். கையில் வலுவுள்ளவனுக்குப் படிப்பு எதற்கு, நேரே வேலையில் சேரட்டுமே என்று சில இளைஞர்கள் கூறுகின்றனர். இவ்விரு கருத்துகளுக்கும் விடை காண்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

பணியாளுக்குரிய இரு தகுதிகள்

எகிப்தை விட்டு வெளியேறி மத்யன் நகர் வந்து சேர்ந்த நபி மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை நாம் அறிவோம். கிணற்றடியில் ஒதுங்கி நின்ற இரு பெண்மணிகளின் ஆடுகளுக்கு அவர்கள் நீர் புகட்டிக் கொடுத்தார்கள். அப்பெண்களில் ஒருவர் தம் தந்தையிடம், இவரைப் பணிக்கு அமர்த்திக்கொள்ளுங்கள் என்று பரிந்துரைத்தார். வலிமையும் நம்பகமும் உடையவரே பணிக்கு ஏற்றவர் என்பது அவர் சொன்ன காரணம். திருமறை எடுத்துரைக்கும் இந்த இரண்டு தகுதிகளும் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும். எனினும் உடற்பயிற்சியாளர் தொழிலுக்கு இவை பொருந்துவது போல் வேறு எதற்கும் பொருந்துமா என்பது ஐயமே.

முதல் தகுதி நம் இளைஞர்களிடம் இருக்கிறது. இரண்டாவது தகுதியை உண்டாக்குவதே கல்வியின் வேலை. தன்னுடைய உடலை வளர்க்கத் தெரிந்தவர் எல்லாரும் பிறர் உடலைப் பொறுப்பேற்கத் தகுந்தவராகி விடுவதில்லை. நன்றாக உண்பவர் எல்லாரும் நல்ல சமையல்காரர் ஆவதில்லை அல்லவா?

இது நமக்குப் புதிய துறையன்று

ஜிம் என்ற பெயர்தான் புதிது. தண்டால், பஸ்கி, கரலாக்கட்டை, சிலம்பம், குஸ்தி ஆகியவை நம் ஊர்களில் பல தலைமுறைகளாக இருந்து வந்தவை. அவற்றைக் கற்பித்த உஸ்தாதுக்கு ஊரில் தனி மரியாதை உண்டு. உடற்கட்டு உள்ளவரை 'சாண்டோ' என்று நம் பெரியவர்கள் அழைப்பது, 1900களின் தொடக்கத்தில் இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்து புகழ்பெற்ற யூஜின் சாண்டோ என்ற பயில்வானின் பெயரால் வந்த வழக்கமாகும்.

வங்காளத்தைச் சேர்ந்த மனோகர் ஐச், ஆங்கிலேயர் ஆட்சியில் சிறைப்பட்டிருந்த காலத்தில் கருவிகள் ஏதுமின்றியே பயிற்சி செய்தவர். 1952ஆம் ஆண்டு 'மிஸ்டர் யுனிவர்ஸ்' போட்டியில் தம் பிரிவில் வென்றார். பிற்காலத்தில் இளைஞர்களுக்குப் பயிற்சியளித்து வாழ்ந்து, 2016ஆம் ஆண்டு தமது 104ஆம் வயதில் காலமானார். உயர்ந்த இயந்திரங்களை விட ஒழுங்கும் பொறுமையுமே இத்துறையின் மூலதனம் என்பதற்கு இவர் வாழ்வு சான்று.

மஹல்லாவின் தேவை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. நாட்டில் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 10 கோடிப் பேருக்கு, நீரிழிவு இருப்பதாக அவ்வாய்வு கூறுகிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் 35.5 விழுக்காடு. நம் பள்ளியின் முதல் வரிசையில் நாற்காலிகள் பெருகி வருவதைப் பார்க்கும்போது இந்தக் கணக்குக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயது வந்தோர் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பும், வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் மேற்கொள்ள வேண்டும் என்கிறது. உழைக்கும் தசை, இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்கிறது. மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையோடு இதுவும் சேர்ந்தால்தான் சிகிச்சை முழுமை பெறும். நடக்கச் சொல்கிறார் மருத்துவர். எப்படி, எவ்வளவு, முழங்கால் வலியோடு எதைச் செய்வது என்று அருகிருந்து சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. அந்த இடத்தை நிரப்ப வருபவரே தனிப் பயிற்சியாளர், அதாவது பெர்சனல் டிரெய்னர்.

வயது ஒரு தடையா?

இருபது வயதைத் தொடாத உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் படைத் தளபதியாக நியமித்தார்கள். அந்த நியமனத்தைச் சிலர் குறை கூறியபோதும் தங்கள் முடிவில் உறுதியாக நின்றார்கள். தகுதி இருக்குமாயின் இளமை தடையில்லை என்பது இதில் நமக்குள்ள படிப்பினை. ஆனால் 'தகுதி இருக்குமாயின்' என்ற சொல்லை நம் தம்பிமார்கள் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் 1985இல் தொடங்கப்பட்ட உடற்பயிற்சிக் கவுன்சிலின் சான்றிதழ் உலகெங்கும் அறியப்பட்டது. அதன் தேர்வை எழுத 18 வயது நிறைந்திருக்க வேண்டும், சி.பி.ஆர். எனப்படும் உயிர்காக்கும் முதலுதவிச் சான்றும் பெற்றிருக்க வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படியும் 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. ஆகவே பதினாறு, பதினேழு வயதினர் தாம் பயிற்சி செய்யலாம், மூத்த பயிற்சியாளரிடம் உடனிருந்து கற்கலாம். தனித்துப் பொறுப்பேற்பதற்குக் காத்திருப்பதே முறை.

முறையான கல்விக்கு நம் மாநிலத்திலேயே வழியுண்டு. ஹாரி குரோ பக் என்பவர் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி சென்னை நந்தனத்தில் இயங்கி வருகிறது. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் மேலக்கோட்டையூரில் உள்ளது. சில மாதச் சான்றிதழ்ப் படிப்பு முதல் பட்டப்படிப்பு வரை தத்தம் வசதிக்கேற்பத் தேர்ந்துகொள்ளலாம். விளம்பரத்தை மட்டும் நம்பாமல், செய்முறைப் பயிற்சியும் தேர்வும் உண்டா, சான்றிதழை யார் அங்கீகரிக்கின்றனர் என்று விசாரித்த பின்பே பணம் கட்ட வேண்டும்.

அறியாமல் செய்தால் பொறுப்பு யாருடையது?

மருத்துவக் கல்வி பெற்றவராக அறியப்படாத ஒருவர் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அமைந்த நபிமொழி, ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. இந்த எச்சரிக்கை பயிற்சியாளருக்கும் பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம்.

பயிற்சிக்கு வருபவரிடம் முதலில் எடையைக் கொடுக்கக் கூடாது. கேள்விகளைக் கேட்க வேண்டும். நெஞ்சு வலி வந்ததுண்டா? மயக்கம் உண்டா? என்ன மருந்து உட்கொள்கிறீர்கள்? மூட்டிலோ முதுகிலோ பழைய அடி உண்டா? ஐயத்திற்கு இடமிருந்தால் மருத்துவரின் ஒப்புதல் பெற்று வரச் சொல்ல வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர் மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்கினால் அழுத்தம் சட்டென்று ஏறிவிடும். இன்சுலின் போட்டுக்கொள்பவருக்குப் பயிற்சியின் நடுவே சர்க்கரை தாழ்ந்து உடல் நடுங்கி வியர்க்கலாம். உடனே கொடுக்க இனிப்பு கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். நெடுநாள் உழைப்பில்லாத ஒருவரை முதல் நாளிலேயே மிகையாக வருத்தினால், தசைகள் சிதைந்து, சிறுநீர் கருநிறமாகி, சிறுநீரகமே பாதிக்கப்படலாம்.

ஒருவர் உணர்விழந்து சாய்ந்து, மூச்சும் சீராக இல்லையெனில், உடனே 108க்குத் தகவல் சொல்லி, நெஞ்சின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்தத் தெரிந்திருக்க வேண்டும். ஓர் உயிர் இதில் அடங்கியிருக்கிறது. இதைக் கல்லாதவர், எவ்வளவு பெரிய புஜங்கள் உடையவராயினும் பயிற்சியாளர் ஆகமாட்டார்.

ஊசியும் டப்பாவும்

தம்பிமார்களே, இத்துறையில் உங்களுக்கு வரவிருக்கும் பெரும் சோதனை இதுதான். விரைவில் உடல் பெருக வேண்டும் என்ற ஆசையை விலைபேசும் சந்தை ஒன்று இருக்கிறது. மருத்துவரின் அறிவுரையின்றிப் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசிகள், உடல் தானே சுரக்கும் ஆண்மைச் சுரப்பை முடக்கிவிடும், மலட்டுத்தன்மைக்கு வழிவகுக்கும், இதயத் தசையைத் தடிக்கச் செய்யும், கல்லீரலையும் கெடுக்கும். வளரும் வயதில் போட்டால் எலும்பின் வளர்ச்சி முன்கூட்டியே நின்று உயரம் குன்றும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 விநாடிகளில் ஓடிய பென் ஜான்சன், ஸ்டீராய்டு உட்கொண்டது தெரியவந்து பதக்கத்தை இழந்தார். உலகமே கண்ட அவமானம் அது. இங்கே வாழ்வையே இழப்பவரை யாரும் காண்பதில்லை.

புரத மாவு டப்பாக்கள் எல்லாம் நஞ்சு என்று நாம் கூறவில்லை. ஆயினும் சாதாரண உழைப்புள்ளவருக்கு நாளொன்றுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவு. கடும் பயிற்சி செய்பவருக்குக் கூடுதலாகத் தேவைப்படும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. கொண்டைக்கடலையும் பருப்பும் மீனும் தயிரும் நம் வீட்டிலேயே உள்ளன. கமிஷனுக்காகத் தேவையில்லாத டப்பாவை ஒருவர் தலையில் கட்டுவது வியாபாரமன்று, ஏமாற்று. அந்தப் பணத்தில் பரக்கத் இராது.

நாவும் பார்வையும்

பத்தொன்பது வயதுப் பயிற்சியாளரிடம் ஐம்பத்தைந்து வயதுப் பெரியவர் வந்து நிற்பார். தொந்தியையும் தள்ளாமையையும் கேலி செய்யாமல், வாப்பாவிடம் பேசுவது போல் பேச வேண்டும். அவர் சொன்ன நோய்களை வெளியில் சொல்லக் கூடாது, அதுவும் அமானிதமே.

பயிற்சியாளரின் ஒரு சொல் என்ன செய்யும் என்பதற்கு முஹம்மது அலீயின் வாழ்வைப் பாருங்கள். 1954இல், 12 வயதில், மிதிவண்டியைக் களவு கொடுத்துவிட்டு, திருடனை அடித்து நொறுக்குவேன் என்று கொதித்து நின்றார் அச்சிறுவர். சிறுவர்களுக்குக் குத்துச்சண்டை கற்பித்து வந்த காவலர் ஜோ மார்ட்டின், அடிப்பதற்கு முன் சண்டையிடக் கற்றுக்கொள் என்று அவரைத் தம் பயிற்சிக்கூடத்திற்கு அழைத்தார். சினம் ஒழுங்காக மாறியது. ஆறு ஆண்டுகளில் ரோம் ஒலிம்பிக்கின் தங்கப் பதக்கம் அவர் கழுத்தில் இருந்தது.

வருமானமும் வருங்காலமும்

இத்தொழிலின் வேலை நேரம் அதிகாலையும் மாலையும்தான். பஜ்ருத் தொழுகையை ஜமாஅத்துடன் முடித்து நேரே பணிக்குச் செல்லலாம். பகற்பொழுது கல்லூரிக்கோ அஞ்சல்வழிப் பட்டத்திற்கோ உதவும். அதனை வீணாக்கக் கூடாது. ஏனெனில் இது உடலைக் கொண்டு பிழைக்கும் தொழில். அடிபட்டுப் படுத்தால் வருமானமும் படுத்துவிடும். வாடிக்கையாளர் நின்றுவிடும் மாதங்களும் உண்டு. சேமிப்பும் பட்டமும் உடையவர், முப்பது வயதுக்குப் பின் உடற்கல்வி ஆசிரியராகவோ, சொந்தக் கூடம் நடத்துபவராகவோ உயர முடியும்.

நம் சகோதரிகளுக்காக

மறந்துவிடக் கூடாத செய்தி ஒன்று. நீரிழிவும் மூட்டுவலியும் நம் பெண்களை அதிகம் வருத்துகின்றன. ஆண்கள் நடத்தும் கூடத்திற்கு அவர்கள் செல்ல விரும்புவதில்லை, நாமும் அனுப்புவதில்லை. ஆனால் மாற்று வழியை நாம் அமைத்துத் தந்தோமா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதை மேடைகளில் சொல்லி மகிழ்கிறோம். நம் பெண்பிள்ளைகளில் ஒருவர் இக்கல்வி பெற்று வந்தால், மதரஸா கூடத்தில் மாலை ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் பயிற்சி நடத்த இயலும்.

நம் வேண்டுகோள்

ஆகவே ஜமாஅத் பெரியோர்களிடம் பணிவுடன் வேண்டுகிறோம். அந்த விண்ணப்பத்தை மறுக்காதீர்கள். கல்வி உதவிப் பட்டியலில் உடற்பயிற்சிக் கல்வியையும், ஆண் பெண் இருபாலருக்கும், சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மூன்று நிபந்தனைகளை வையுங்கள்: 18 வயது நிறைந்திருத்தல், உயிர்காக்கும் முதலுதவிச் சான்று பெறுதல், ஊசியையும் தேவையற்ற டப்பாவையும் தொடுவதில்லை என்று வாக்குறுதி தருதல். உதவி பெற்றவர் படிப்பு முடிந்தபின் ஓராண்டுக் காலம் வாரத்தில் இரண்டு நாட்கள் மஹல்லாவின் முதியோருக்கு இலவசமாகப் பயிற்சியளிக்கட்டும். கொடுத்த பணம் இவ்வாறு ஊருக்கே திரும்பி வரும்.

தம்பிமார்களே! உங்கள் தோள்களின் வலிமையைக் கண்டு மக்கள் உங்களிடம் வருவார்கள். உங்கள் கல்வியையும் நேர்மையையும் கண்டால்தான் நிலைத்து நிற்பார்கள். நம் உடலையும் உள்ளத்தையும் வலிமையாக்கி, பிறருக்குப் பயன்படும் மக்களாக நம்மை வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.