திசுப் புரதங்கள் சொல்லும் சேதி

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"கேன்சரைப் பத்திப் பேசுங்க, ஆனா யாரையும் பயமுறுத்தாமப் பேசுங்க" என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டுக்கொண்டார். நான் மைக்ராஸ்கோப் டாக்டர். நோயாளியின் முகத்தை நான் பார்ப்பது அபூர்வம். பாட்டிலில் வரும் சதைத்துண்டுதான் எனக்கு அறிமுகம். எனவே அந்தப் பாட்டிலைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நம்ம பக்கத்துச் செய்தி ஒன்றிலிருந்து தொடங்கலாம். 1879-இல் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷிக்கு இடது கையில் ஒரு சிறு கட்டி வந்தது. 1949-ஆம் வருஷத்தில் மட்டும் நான்கு முறை அறுவை செய்தார்கள். திசுவைச் சோதித்தவர்கள் 'சார்க்கோமா' என்றார்கள். கையை எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னதற்கு மகரிஷி இசையவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று மகாசமாதி அடைந்தார்.

அந்தக் காலத்துப் பரிசோதனையில் பெரிதும் நம்பியிருந்தது இரண்டு சாயங்களை. ஒன்று செல்லின் நடுக்கருவை நீலமாக்கும், மற்றொன்று மீதியை ரோஸாக்கும். இன்றைக்கும் நாங்கள் முதலில் போடுவது அவற்றைத்தான். செல்லின் வடிவம் அதில் தெரியும், வம்சம் பல சமயம் தெரியாது. சார்க்கோமா என்பதோ ஒரு குடும்பப் பெயர். அதற்குள் எழுபதுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. தசை வழி வந்த கட்டியா, நரம்பின் உறையிலிருந்து வந்ததா என்று பிரிக்க இன்று டெஸ்மின், எஸ்-100 போன்ற புரதங்களைத் தேடிப் பார்க்கிறோம். 'இந்தக் காலமாயிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா?' என்று கேட்காதீர்கள். நோயின் பெயர் தெரிவது வேறு, குணமாவது வேறு.

புரதத்தை எப்படித் தேடுவது? நம் உடம்பு கிருமியை எதிர்க்க ஆன்டிபாடி தயாரிக்கிறது அல்லவா? ஒரு ஆன்டிபாடி தனக்குரிய புரதத்தைத் தேடிப்போய் ஒட்டும். அதன் முதுகில் ஒளிரும் சாயத்தை ஏற்றி அனுப்பலாம் என்று 1941-இல் ஆல்பர்ட் கூன்ஸ் காட்டினார். ஒரே மாதிரி ஆன்டிபாடியை வேண்டிய மட்டும் தயாரிக்கும் வழியை 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டார்கள். 1984-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். இப்போது அந்தப் புரதம் இருக்கிற இடம் சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே பழுப்பாகத் தெரியும். தறியும் சாயப்பட்டறையும் பார்த்து வளர்ந்த அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நூல் பக்குவமாக இல்லாவிட்டால் சாயம் பிடிக்காது என்பதும் உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்ததே அதுதான்.

மார்பகப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று புரதங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி நூற்றில் ஒரு செல்லில் இருந்தால்கூட அதை 'பாசிடிவ்' என்கிறோம். அப்படிப்பட்டவர் ஐந்து வருஷம் தமாக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டால், அந்த நோயால் இறக்கும் அபாயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. விலை மலிவான மாத்திரை. ஏற்பி இல்லாதவருக்கு அதனால் பயனில்லை. ஹெர்-2 மிகுந்தால் முன்பெல்லாம் கெட்ட சகுனம், வேகமாகப் பரவும். 1998-இல் அமெரிக்காவில் டிராஸ்டுஸுமாப் மருந்துக்கு அனுமதி கிடைத்த பிறகு அதே புரதம் மருந்துக்குக் குறியாகிவிட்டது. 2014-இல் அதன் இந்தியத் தயாரிப்பும் விற்பனைக்கு வந்தது.

கி-67 என்று இன்னொன்று உண்டு. எத்தனை செல்கள் பிளவுபடத் தயாராக இருக்கின்றன என்று காட்டும். ஜெர்மனியின் கீல் நகரத்தில் கண்டுபிடித்ததால் 'கி'; ஆய்வுத் தட்டில் 67-ஆம் குழியில் கிடைத்ததால் 67. நம்மூரில் வீட்டுக்கு இலக்கம் போடுவது மாதிரிதான்! எண்ணுகிறவருக்கு எண்ணுகிறவர் வித்தியாசம் வருவதால், இந்த ஒன்றை மட்டும் நம்பி முடிவெடுப்பதை நான் விரும்புவதில்லை. மார்க்கர் என்ற பெயரில் ஆராய்ச்சி ஏடுகளில் நூற்றுக்கணக்கில் வருகின்றன. நோயாளியின் கட்டில் வரை வந்து சேர்ந்தவை வெகு சில.

இனி வீரசோழன் பக்கத்துச் சம்பவம். அங்கிருந்து ஒரு அம்மா. மார்பில் கட்டி, வலி இல்லாததால் பேசாமல் இருந்துவிட்டார். பிறகு ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் கட்டியை எடுத்து, சலைன் ஊற்றிய ஊறுகாய் பாட்டிலில் போட்டு, "மதுரைக்குக் கொண்டு போங்க" என்று மகனிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் வீட்டுக்குப் போய், கைச்செலவுக்குப் பணம் புரட்டி, அருப்புக்கோட்டை வந்து பஸ் மாறி மதுரை சேர்வதற்குள் மூன்றாம் நாள். சித்திரை வெயில் வேறு. "மூன்று மார்க்கரும் இல்லை" என்று ஒரு லேபில் ரிப்போர்ட் வந்தது. அந்த ஸ்லைடு என்னிடம் மறு கருத்துக்கு வந்தபோது பார்த்தேன். கட்டியை ஒட்டியிருந்த நல்ல பால்சுரப்பிக் குழாய்களிலும் சாயம் ஏறவில்லை. அவற்றில் ஏறியே ஆக வேண்டும். அப்படியானால் புரதம் அந்த அம்மாவிடம் இல்லாமல் போகவில்லை, பாட்டிலில் அழிந்துபோயிருக்கிறது. அக்குளில் இருந்த ஒரு நெறிக்கட்டியில் ஊசி பயாப்ஸி எடுத்து, முறையாகப் பதப்படுத்திச் சோதித்தோம். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பலமாக இருந்தது. முதல் ரிப்போர்ட்டை நம்பியிருந்தால் அந்த மாத்திரையை யாரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

மூன்று மார்க்கரும் இல்லாத வகை மேல்நாட்டைவிட நம் நாட்டில் அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. உண்மையாகவே அதிகமாக இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பங்கு ஊறுகாய் பாட்டில் கணக்கு என்பது என் அபிப்பிராயம்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் திசு ஃபார்மலினில் விழ வேண்டும். கடையில் வாங்கும் ஃபார்மலின் ஒரு பங்குக்கு, உப்புக் கலந்து பக்குவப்படுத்திய நீர் ஒன்பது பங்கு. திசுவைப் போல் பத்து மடங்காவது திரவம் இருக்க வேண்டும். ஃபார்மலின் ஒரு மணிக்கு ஒரு மில்லிமீட்டர் வாக்கில்தான் உள்ளே இறங்கும். அதனால் முழு மார்பகத்தை அப்படியே போட்டால் நடுப்பகுதி அழுகும். வகுந்து போட வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊற வேண்டும். அறுத்த நேரத்தைச் சீட்டில் எழுத வேண்டும். வாய் அகன்ற பாட்டில், ஒரு பேனா, கொஞ்சம் கவனம், இவ்வளவுதான். கோடி ரூபாய் இயந்திரம் மதுரையில் இருக்கலாம். 2022-இல் விருதுநகருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி வந்தாயிற்று. ஆனால் ரிப்போர்ட்டின் தலையெழுத்து முதல் ஒரு மணி நேரத்தில் நரிக்குடியிலும் திருச்சுழியிலும் அருப்புக்கோட்டையிலும் எழுதப்படுகிறது.

மாணவச் செல்வங்களில் சிலர் லேப் டெக்னீஷியன் படிப்புக்குப் போவீர்கள். "டாக்டர் ஆகலையே" என்று வீட்டில் குறைப்பட்டால் இந்த அம்மாவின் கதையைச் சொல்லுங்கள். மூன்று மைக்ரான் கனத்தில் மெழுகைச் சீவி எடுக்கிற கை எனக்கே கிடையாது.

கடைசியாக, குடும்பத்தில் யாருக்காவது பயாப்ஸி நடந்தால் ரிப்போர்ட்டோடு மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். புது மருந்து வரும்போது பல வருஷம் கழித்தும் அதிலிருந்து சோதிக்கலாம். பட்டாவும் ரேஷன் கார்டும் இருக்கிற பீரோவில் வையுங்கள். தகர ஷெட்டிலோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியிலோ வேண்டாம். நம்ம ஊர் வெயிலுக்கு மெழுகு இளகிவிடும்.