கையிலுள்ள அட்டையும் அருகிலுள்ள வைத்தியரும்

பெங்களூரிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், மின்னணு நகரத்தைக் கடந்ததும் வருவது பொம்மசந்திரா. 2025 ஆகஸ்டு மாதம் திறக்கப்பெற்ற மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் இங்குதான் வந்து முடிகிறது. காலை வேளையில் இத்தொழிற்பேட்டையின் வாயில்களில் நின்றால், கன்னடத்தோடு தமிழும் காதில் விழும். கிருஷ்ணகிரி, தருமபுரி முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து உழைப்பவர் பலர். வேலை கிடைத்துவிடுகிறது, தங்க ஓர் அறையும் கிடைத்துவிடுகிறது. உடம்புக்கு வந்தால் எந்த வைத்தியரிடம் செல்வது என்பதுதான் தெரிவதில்லை.

மாதம் 16,000 ரூபாய் ஊதியம் பெறும் ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். காய்ச்சல் வருகிறது. முதலில் மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை. பிறகு தெருக்கோடித் தனியார் வைத்தியர். பிறகு இரத்தப் பரிசோதனை. ஒரு வாரம் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. கடன் வாங்குகிறார். ஆனால் அவருடைய சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்ற பெயரில் மாதந்தோறும் 120 ரூபாய் பிடிக்கப்படுகிறது. முதலாளி தம் பங்காக 520 ரூபாய் செலுத்துகிறார். அந்தப் பணம் எதற்கு என்று அவரிடம் எவரும் சொல்லவில்லை.

இது 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி பிறந்த தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கியது. 1955-இல் கோவைக்கும், 1958-இல் பெங்களூருக்கும் வந்தது. 2017 முதல், மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறுவோர் இதில் சேர்க்கப்பட்டனர். 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய். முதலாளியின் பங்கு மூன்றேகால் ரூபாய். எனவே இது எவரும் இடும் தருமமன்று. நாம் கட்டிவைத்த பணத்தின் பயன்.

இதில் வைத்தியரைக் கண்டுபிடிப்பது எவ்வாறு? பதிவு செய்யும்போதே ஒவ்வொருவருக்கும் ஒரு மருந்தகம் குறிக்கப்படுகிறது. அதன் பெயர் உங்கள் அடையாள அட்டைத் தாளில் இருக்கும். கன்னடப் பலகையில் ‘விமா’ என்று வாசிக்கக் கேட்டால், காப்பீடு என்று கொள்க. அங்குள்ள மருத்துவ அதிகாரியே உங்கள் முதல் வைத்தியர். அவர் பார்த்து மருந்து தருவார். நோய் பெரிதாயின் இந்திராநகர், இராஜாஜிநகர் ஆஸ்பத்திரிகளுக்கோ, ஒப்பந்தம் செய்துகொண்ட தனியார் ஆஸ்பத்திரிக்கோ கடிதம் கொடுத்து அனுப்புவார்.

இவ்விடத்தில்தான் பலர் தவறிவிடுகின்றனர். பொம்மசந்திராவில் பெயர் பெற்ற பெரிய ஆஸ்பத்திரிகள் கண்ணெதிரே நிற்கின்றன. அட்டையைக் காட்டினால் போதும் என்று நேரே உள்ளே சென்றுவிட்டுப் பிறகு கட்டணச் சீட்டைக் கண்டு திகைப்பதில் பயனில்லை. உயிருக்கு ஆபத்தான நிலை வேறு. அப்போது அருகிலுள்ள இடத்துக்கே செல்லவேண்டும், ஆனால் மருந்தகத்துக்கு உடனே தெரிவித்துவிட வேண்டும். மற்ற வேளைகளில் கடிதமே கதவைத் திறக்கும் சாவி.

மருந்தகத்துக்குச் செல்வதில் இன்னொரு பயனும் உண்டு. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குப் பணம் செலுத்தப்பட்டிருந்தால், அம்மருத்துவர் தரும் சான்றிதழின்மேல், ஆண்டில் 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 சதவிகிதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். முன்னே சொன்ன இளைஞர் கடன் வாங்க நேர்ந்திராது.

கூட்டம் மிகுதி, அரைநாள் கூலி போகிறது என்று சிலர் குறைப்படுவர். அக்குறை உண்மையே. பெரிய ஆஸ்பத்திரிகள் நகரின் மறுபுறத்தில் இருப்பதும் உண்மையே. பொம்மசந்திராவிலேயே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி ஒன்றுக்கு 2024 அக்டோபர் 29 அன்று அடிக்கல் நாட்டப்பட்டதற்கும் இத்தேவையே காரணம். ஆயினும் ஒரு காலைப்பொழுதை இழப்பதா, ஒரு மாத ஊதியத்தை இழப்பதா என்று நிதானமாக எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்வோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. காப்பீட்டு எண் வாழ்நாளெல்லாம் ஒன்றே. வேலை மாறும்போது பழைய எண்ணைச் சொல்லுங்கள்; புதிது வாங்காதீர்கள். மனைவி மக்கள், பெற்றோர் பெயர்கள் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். குடும்பம் ஊரிலேயே இருந்தால், அவர்கள் வசிக்கும் இடத்தையும் அதற்குரிய மருந்தகத்தையும் தனியே குறிக்கச் செய்யலாம். ஓசூரிலும் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி உண்டு. மாநில எல்லை இந்த உரிமைக்கு எல்லையன்று.

இத்திட்டத்தில் சேராத கட்டடத் தொழிலாளரும் வீட்டு வேலை செய்வோரும் என்ன செய்வது? 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், தகுதி பெற்ற குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்ச ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கிறது. பிற மாநிலத்திலும் செல்லும். ஆனால் அது ஆஸ்பத்திரியில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு உரியது. சாதாரணக் காய்ச்சலுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையமே வழி. எந்த ஆஸ்பத்திரி எந்த நோய்க்கு ஏற்கிறது என்பதை 14555 என்னும் தொலைபேசி எண்ணில் முன்கூட்டியே கேட்டறியலாம்.

நேயர்களே, வழியை விசாரிப்பதற்கு உகந்த நேரம் நோயுற்ற நேரமன்று. உடல் நலமாக இருக்கும் ஒருநாளில் அந்த அட்டைத் தாளை எடுத்துப் பாருங்கள். மருந்தகம் எங்கிருக்கிறது, எப்போது திறக்கும் என்று நடந்து சென்று கண்டுவாருங்கள். பக்கத்து அறையில் புதிதாக வந்திருக்கும் தம்பியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.