கோவையும் வேலையில்லாதோர் கணக்கும்

ஒரு நகரத்தில் வேலையில்லாமல் இருப்போர் எத்தனை பேர்? கேட்பதற்கு எளிய வினாதான். விடையோ அவ்வளவு எளிதன்று. சான்றாகக் கோயம்புத்தூரை எடுத்துக்கொள்கிறேன். அது சென்னையைப் போலப் பரந்த பெருநகரமன்று, சிற்றூருமன்று. 2011-ஆம் ஆண்டின் குடிமதிப்பின்படி, சுற்றுப்புறங்களையும் சேர்த்து 21 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த தொழில் நகரம்.

1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முயற்சியால் அங்கே முதல் பஞ்சாலை எழுந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. ஆலை எந்திரங்களைச் செப்பனிடப் பட்டறைகள் தோன்றின. அப்பட்டறைகளிலிருந்து மோட்டாரும் பம்பும் மாவரைக்கும் கிரைண்டரும் பிறந்தன. ஒரு தொழில் மற்றொன்றை ஈன்றது என்பர். ஒன்று தளர்ந்தால் மற்றொன்றும் தள்ளாடும் என்பதையும் உடன் சொல்ல வேண்டுமன்றோ?

நலிந்த பஞ்சாலைகளை அரசு 1974-இல் நாட்டுடைமையாக்கித் தேசியப் பஞ்சாலைக் கழகத்திடம் ஒப்படைத்தது. அவற்றுள் கோவை ஆலைகளும் இருந்தன. 2020 மார்ச்சில் பொதுமுடக்கத்தின்போது நிறுத்தப்பட்ட அக்கழகத்தின் ஆலைகள், முடக்கம் நீங்கிய பின்னரும் பழையபடி ஓடவில்லை. தறியும் கதிரும் நின்றன. தொழிலாளரின் பெயர் மட்டும் பதிவேட்டில் நின்றது. அத்தொழிலாளி வேலையுள்ளவரா, இல்லாதவரா? மாணவ நண்பர்களே, இவ்வினாவை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பதிவேட்டைப் பார்த்தால் தெரியாதோ எனச் சிலர் நினைக்கலாம். அவ்வலுவலகங்கள் 1945-இல், போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு வேலை தேடித் தருவதற்காகத் தோன்றியவை. அரசு வேலையை நாடித் தனியார் கம்பெனி ஊழியரும் அங்கே பதிவு செய்கிறார். கல்லூரி மாணவரும் பதிவு செய்கிறார். வேலையிழந்த ஆலைத் தொழிலாளியோ அப்பக்கமே போவதில்லை. ஆகவே அந்தப் பதிவேடு விருப்பத்தின் அளவுகோலேயன்றி வேலையின்மையின் அளவுகோலன்று என்பது என் கருத்து.

2017 முதல் நடைபெறும் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு வீடுவீடாகச் சென்று கேட்கிறது. அதன் வாரக் கணக்கில், கடந்த ஏழு நாட்களில் ஏதேனும் ஒரு நாள் ஒரு மணி நேரமேனும் உழைத்தவர் வேலையுள்ளவர். வேலை தேடாமலும் வேலைக்கு ஆயத்தமாக இல்லாமலும் இருப்பவர் வேலையில்லாதோர் பட்டியலில் சேரார். இதன் விளைவைப் பாருங்கள். வேலை செய்வோரும் தேடுவோருமாக நூறு பேர் இருக்கின்றனர். அவருள் பத்துப் பேருக்கு வேலையில்லை. விழுக்காடு 10. அந்தப் பத்துப் பேரில் ஐவர் அலுத்துப்போய்த் தேடுவதையும் வேலைக்கு ஆயத்தமாக இருப்பதையும் விட்டுவிட்டால், மீதி 95 பேரில் ஐவருக்கே வேலையில்லை என்றாகும். விழுக்காடு 5-க்குச் சற்று மேல். ஒருவருக்கும் புதிதாக வேலை கிடைக்கவில்லை. எனினும் நாளிதழில் வேலையின்மை குறைந்தது என்று செய்தி வரும்!

கோவைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. வீட்டின் முன்புறத்தில் ஒரே ஒரு லேத்தை வைத்துக்கொண்டு, பெரிய கம்பெனிகள் தரும் ஜாப் ஆர்டரை நம்பி வாழ்வோர் அங்கே பலர். 2008-க்குப் பின் சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டு அவர்களைப் பெரிதும் வாட்டியது. 2016-இல் பணமதிப்பு நீக்கமும், 2017-இல் சரக்கு சேவை வரியும் தொடர்ந்தன. ஆர்டர் இல்லாத வாரத்தில் அவர் காலையில் பட்டறையைத் திறக்கிறார், எண்ணெய் இடுகிறார், சிறிது நேரம் ஏதோ கடைகிறார். கணக்கின்படி அவர் சுயதொழில் புரிபவர். கையில் பணமில்லை என்பது அவருடைய மனைவிக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் மட்டுமே தெரியும்.

வார்ப்படச் சாலைகளிலும் பஞ்சாலைகளிலும் உழைக்கப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களைப் பற்றியும் ஒரு சொல். 2020-இல் வேலை நின்றதும் அவருள் பலர் சொந்த ஊருக்குத் திரும்பினர். நகரத்தை விட்டுப் போனவரை நகரத்தின் வீடுகளில் எவ்வாறு எண்ணுவது? வேலை போனது கோவையில். வேலையற்றவராக அவர் எண்ணப்பட்டால், எண்ணப்படுவது ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள ஒரு கிராமத்தில்.