முதலில் கணக்கு, பிறகு பாரம்

(நமது சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மொட்டை மாடியில் 5,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் இரண்டு கூடுதலாக வைப்பது பற்றி இன்று வாக்கெடுக்கப் போகிறோம். கோடையில் லாரித் தண்ணீருக்கு நாம் படும் பாடு எனக்கும் தெரியும். நான் தீர்மானத்துக்கு எதிரி இல்லை. கை தூக்கும் முன் ஒரு பாலத்தின் கதையை மட்டும் கேளுங்கள்.

கனடாவில் செயின்ட் லாரன்ஸ் என்ற பெரிய நதியின் மேல் க்யூபெக் பாலம் இருக்கிறது. ரயிலும் போகும், கார்களும் போகும். நடுவில் இரண்டு பெரிய தூண்களுக்கு இடையே 549 மீட்டர். கான்டிலீவர் வகைப் பாலங்களில் உலகிலேயே நீளமான இடைவெளி இன்றும் இதுதான்.

முதலில் அந்த இடைவெளி 1,600 அடி என்றுதான் திட்டமிட்டார்கள். பிறகு 1,800 அடியாக நீட்டினார்கள். நீளம் கூடினால் இரும்பு கூடும், பாலத்தின் சொந்த எடையும் கூடும் அல்லவா? அந்த எடையை மட்டும் புதிதாகக் கணக்கிடவில்லை. பழைய எண்ணையே வைத்து வேலையை ஓட்டினார்கள். எடை அதிகம் என்று தெரிய வந்தபோது கட்டுமானம் வெகுதூரம் போயிருந்தது. "தாங்கும்" என்று முடிவு செய்து தொடர்ந்தார்கள்.

நான் பி.காம். படித்தவன், இன்ஜினியர் இல்லை. ஆனால் வங்கியில் லெட்ஜர் எழுதியவன். முந்தைய பக்கத்துத் தொகையைச் சரிபார்க்காமல் அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்களுக்கு ராத்திரி பத்து மணிவரை டாலி ஆகாது, அவ்வளவுதான்.

அங்கே 1907 ஆகஸ்டில் கீழ்ப்பகுதி இரும்புச் சட்டங்கள் வளையத் தொடங்கின. அளந்து பார்த்தார்கள். சில வாரங்களில் வளைவு கூடியிருந்தது. ஆலோசகராக இருந்த தியோடர் கூப்பர் நியூயார்க்கில் இருந்தார். தளத்துப் பொறியாளர் ஒருவர் நேரில் போய்ச் சொன்னார். "இனி பாரம் ஏற்றாதீர்கள்" என்ற பொருளில் கூப்பர் தந்தி கொடுத்தார். அது போனது பென்சில்வேனியாவில் இருந்த கம்பெனி அலுவலகத்துக்கு. ஆற்றின் மேல் வேலை நிற்கவில்லை. ஆகஸ்ட் 29 மாலை, அன்றைய வேலை முடியும் நேரத்தில் பாலம் சரிந்தது. 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் 33 பேர் கானவாகே என்ற ஒரே ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடியினர்.

பிறகு பழையதைவிட மிகவும் கனமான பாலத்தைப் புதிதாக வடிவமைத்தார்கள். 1916-இல் நடுப்பகுதியைத் தூக்கும்போது அதுவும் ஆற்றில் விழுந்து 13 பேர் போனார்கள். 1917-இல்தான் பாலம் முடிந்தது. அது இன்றும் நிற்கிறது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 5,000 லிட்டர் தண்ணீர் என்றால் 5 டன். இரண்டு தொட்டிக்கு 10 டன், தொட்டியின் எடை தனி. நம் கட்டடத்தின் வரைபடம் போட்டபோது இந்த 10 டன் கணக்கில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'பி' பிளாக் பார்க்கிங்கில் மூன்றாவது தூணில் ஒரு விரிசல் இருக்கிறது. நான் பொருளாளராக இருந்தபோது வாட்ச்மேன்தான் அதைக் காட்டினார். "அடுத்த பெயிண்டிங்கின்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். நான்கு வருடம் ஆகிவிட்டது. அது வெறும் பூச்சு விரிசலாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் நானும் இல்லை, பெயிண்டரும் இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். தீர்மானத்தில் ஒரு வரி சேருங்கள்: தகுதியுள்ள ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் மாடியையும் தூண்களையும் நேரில் பார்த்து எழுத்தில் அறிக்கை தந்த பிறகே தொட்டி வாங்குவது. ஃபீஸ் கொஞ்சம் ஆகும். வீட்டுக்கு வீடு பிரித்தால் பெரிய தொகை இல்லை.

அறிக்கை வரும்வரை லாரித் தண்ணீர் வாங்குவோம்.